பழைய மியாட்டாவுக்கு 1500 டாலர்: எஞ்சினுக்கா, டயருக்கா?

என்னிடம் இருப்பது 1991 மாடல் மஸ்டா மியாட்டா, இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1.6 லிட்டர் எஞ்சின், புதிதில் 116 குதிரைத்திறன். முப்பது வயது தாண்டியதில் சில குதிரைகள் ஓடிப்போயிருக்கும். போன வசந்தத்தில் இதற்கென்று 1500 கனேடிய டாலர் சேர்ந்தது. எக்ஸாஸ்டும் ஏர் ஃபில்டரும் போடுவதா, வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கோயில்ஓவர் சஸ்பென்ஷனா, இல்லை டயர், பிரேக், அலைன்மென்ட்டா (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது)? நான் மூன்றாவதைச் செய்தவன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எஞ்சின் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்த 1.6-இல் உள்ளே போகும் காற்றை அளப்பது கதவு மாதிரியான ஒரு தகடு. காற்று அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு ஃபில்டரை மட்டும் மாற்றி என்ன பயன்? போதாததற்கு, வெளியே தெரிகிற கூம்பு ஃபில்டர் போனட்டுக்கு அடியில் உள்ள சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். எக்ஸாஸ்ட் மாற்றினால் சத்தம் அருமையாக இருக்கும். சத்தம் ஏறியதும் வேகமும் ஏறியது போலத் தோன்றும். டர்போ உண்மையிலேயே வேகம் தரும், ஆனால் 1500 டாலரில் அதை ஒழுங்காகச் செய்ய முடியாது.

கோயில்ஓவரைப் பொறுத்தவரை, நண்பனின் மியாட்டாவை ஒரு மதியம் ஓட்டியதுதான் என் அனுபவம். வளைவில் வண்டி சாயவே இல்லை. ஆனால் டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதிச் சாலைப் பள்ளங்களில் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அது மலிவு செட். விலை கூடியது இன்னும் பதமாக ஓடலாம், என் பட்ஜெட்டில் அது வரவில்லை.

சரி, டயர். என் பழைய டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் 2311 என்று அச்சாகியிருந்தது, அதாவது 2011-இன் 23ஆவது வாரம். நகத்தை வைத்து அழுத்தினால் இறங்கவே இல்லை, கல். கம்பெனி கொடுத்த 185/60 R14 அளவில் நன்றாக ஒட்டுகிற டயர் கிடைப்பது அரிதாகிவிட்டது. எனவே பழைய 15 அங்குல அலாய் ஒரு செட் பிடித்து, 195/50 போட்டேன். பிரேக்குக்கு நல்ல பேடும் புது ஆயிலும் போதும். ஒரு டன்னுக்கும் குறைவான வண்டி.

என் முடிவு சரிதான் என்று புரிந்தது அலைன்மென்ட்டில். இந்தக் காரில் சக்கரத்தைத் தாங்கும் ஒவ்வொரு கீழ்க் கையிலும் இரண்டு கேம் போல்ட் (திருப்பினால் கையை நகர்த்தும் போல்ட்), நான்கு சக்கரத்துக்கும் மொத்தம் எட்டு. அவற்றைத் திருப்பித்தான் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, சரிசெய்ய வேண்டும். ஒன்டாரியோவின் குளிர்கால உப்பு அங்கே போய், போல்ட்டை அது நுழைந்திருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டவைத்துவிடும். மெக்கானிக் தம்பி ஸ்பானரைப் போட்டார். நட்டு சுற்றியது, போல்ட் அசையவில்லை.

“இறுகிப்போச்சு அண்ணை, வெட்டித்தான் எடுக்க வேணும்.”

எட்டில் இரண்டு அப்படி. வெட்டி எடுத்து, புது புஷ், புது போல்ட், துருப்பிடிக்காமல் இருக்கப் பசை. பட்ஜெட்டுக்கு மேல் 300 டாலர் போனது. அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், கோயில்ஓவர் போட்டிருந்தாலும் இதே போல்ட்தான் மறித்திருக்கும். வண்டியின் உயரத்தைக் குறைத்தால் சக்கரக் கோணம் மாறும். திருத்த முடியாவிட்டால் புது டயர் உள்விளிம்பில் தேய்ந்து போகும். பழைய மியாட்டா வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் சத்தம் கேட்கும் முன்னால் இந்த எட்டும் திரும்புமா என்று பார்த்துவிடுங்கள்.

முன்பு பதறிப்போய்ப் பிரேக் மிதித்த நெடுஞ்சாலை ரேம்ப்பில் இப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், மூக்கு தானாக உள்ளே திரும்புகிறது. போன வாரம் சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. ஆகவே எக்ஸாஸ்ட் விலைகளை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.