அகதிகள் குறித்த முதுநிலைப் படிப்பு: ஆக்ஸ்போர்டா, லண்டனா, கெய்ரோவா?

கட்டாய இடப்பெயர்வைப் படிக்க விரும்புகிறவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் கிடைக்கும் என்பதைத்தான். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

மானுடவியலாளர் பார்பரா ஹாரெல்-பாண்ட் 1982-இல் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையம் ஆக்ஸ்போர்டில் எம்.எஸ்சி. நடத்துகிறது. படிப்புக்காலம் 9 மாதம். சட்டம், மானுடவியல், அரசியல் மூன்றும் கலந்தே வரும். ஒரு துறைக்குள் ஒதுங்கிவிட முடியாது. "முகாமில் 30 பேரைப் பேட்டி காண்பேன்" என்ற திட்டத்தோடு போனால் தடுமாற்றம்தான். மனிதர்களிடம் தகவல் திரட்ட அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். பேசுபவர் பெயர் கசிந்தால் அவருடைய புகலிட வழக்கே பாதிக்கப்படலாம் என்பதால் குழு துருவித் துருவிக் கேட்கும், கேட்கவும் வேண்டும். அதன்பின் பயணம், மொழிபெயர்ப்பாளர், எழுத்துப்படி எடுத்தல். ஒன்பது மாதத்தில் இது அடங்காது. தீர்ப்புகள், ஆவணங்கள், கொள்கை அறிக்கைகளை வைத்து எழுதத் தயாரானவருக்கு இது அருமையான இடம். முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கும் இதையே சொல்வோம்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. தொலைநிலைக் கல்வி. வேலையை விடாமல் படிக்கலாம். சட்டத்தின் பங்கு இங்கே அதிகம். ஒருவரை அகதி என ஏற்க, 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என துன்புறுத்தலுக்கான ஐந்து காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்பதன் பொருளை நீதிமன்றங்கள் நாட்டுக்கு நாடு வேறாக வாசித்திருக்கின்றன. இப்படிச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கப் பொறுமை வேண்டும். புகலிட விண்ணப்பங்களைக் கையாளும் களப்பணியாளருக்கு இது மறுநாளே கைகொடுக்கும். ஆனால் இந்தப் பட்டம் யாரையும் வழக்கறிஞர் ஆக்காது.

கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ.வுக்கு உள்ள பலம், அது இருக்கும் நகரம். எகிப்து 1981-இல் உடன்படிக்கையில் சேர்ந்தது; ஆனாலும் பல பத்தாண்டுகள் அகதி நிலையை நிர்ணயித்தது ஐ.நா. அகதிகள் ஆணையமே. 2024-இல்தான் நாட்டுக்கெனப் புகலிடச் சட்டம் வந்தது. பொறுப்பு ஆணையத்திடமிருந்து அரசுக்குக் கைமாறுவதை அருகிலிருந்து பார்க்கலாம். சூடானிலிருந்து வந்தவர்கள் பெருந்தொகையில் முகாமுக்கு வெளியே, நகரத்துக்குள்ளேயே வாழ்கிறார்கள். அரபு தெரியாவிட்டால் இந்த வாய்ப்பில் பாதி கைநழுவும். கருத்துக்கணிப்பு நடத்த அரசு அனுமதி தேவை. அதை நம்பி ஆய்வுத் திட்டத்தைக் கட்டாதீர்கள்.

டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகம் தருவது பட்டயம். வேறொரு முதுநிலைப் பட்டத்தோடு சேர்த்துப் படிப்பது. சமூகவியலோ சட்டமோ முதன்மைத் துறையாக வேண்டும் என்பவருக்கு ஏற்றது.

எங்கே விண்ணப்பித்தாலும், நோக்க அறிக்கையில் இரக்கத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒரு கேள்வி, அதற்கான சான்று எங்கே கிடைக்கும், அதை எந்த மொழியில் படிப்பீர்கள்: இம்மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.