சொட்டுவிடவா, சட்டென்று விடவா?

சென்னை கொளத்தூரில் பார்சல் போட்ட வளர்ப்பு மீன் நாகர்கோவில் வந்து இறங்கும்போது, பை கட்டிப் 16 மணி நேரமாவது ஆகியிருக்கும். அதைத் தொட்டியில் விட இரண்டு வழி. ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் பைத் தண்ணீரில் சொட்டவிடலாம். அல்லது மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பிரித்து, வலையால் அள்ளி நேரே விடலாம். தூரத்து மீனுக்கு என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

முதல் தடவை 6 ஏஞ்சல் மீன் குஞ்சுகளுக்குச் சொட்டுதான் விட்டேன். பை பிரித்தபோது தெம்பாகவே இருந்தன. அரை மணி நேரத்தில் மேலே வந்து மூச்சு வாங்கின; செவுள் ரத்தச் சிவப்பு. மறுநாள் மிஞ்சியது 2. "நம்ம கிணத்துத் தண்ணி ஒத்துக்கல மக்கா" என்றார் மாமா. பாவம், கிணறு என்ன செய்யும்?

வினை பைக்குள் இருந்தது. மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் (அமில-கார அளவு) இறங்கும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாயும். அதனால் கழிவு அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு விஷமில்லாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும். ஒரு புள்ளி ஏறினாலே நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு. அந்தத் தண்ணீரில்தான் நான் ஒரு மணி நேரம் மீனை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சொட்டுக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பைத் தண்ணீர் 520 காட்டியது, தக்கலையில் எங்கள் கிணறு 80. அப்படியே தூக்கிப் போட்டாலும் மீன் தாங்காது. அதனால் அடுத்த தடவை விற்றவரிடம் அளவை முன்பே கேட்டு, தெரிந்தவர் வீட்டு உப்பு போர் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து, தனி டப்பில் 500 வரை கொண்டுவந்து வைத்தேன். மிதக்கவிட்டு, அள்ளி விட்டேன். பிறகு 10 நாள், தினம் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீராக மாற்றினேன். 8 குஞ்சில் 8-ம் நின்றன. இரண்டே பார்சலை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனாலும் பழைய முறைக்குத் திரும்பும் எண்ணமில்லை.

விளக்கணைப்பது, முதல் நாள் தீனி போடாதது, குழாய்த் தண்ணீரென்றால் ஆன்டி குளோரின் எல்லாம் இரண்டுக்கும் பொது.

உள்ளூர்க் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீடு வந்த மீனுக்குச் சொட்டு முறை தாராளமாகப் போதும். இறால் ஒரே தடவைதான் வாங்கினேன், அதுவும் பக்கத்துக் கடையில். சொட்டுதான் விட்டேன், பிழைத்தது.

எந்த முறையானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகாது. அது தென்னை மூட்டுக்கு.