குவானஹுவாட்டோவில் போன 14,400 பெசோ: மெக்சிகோ போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அறை போடுங்கள்

14,400 பெசோ. நான்கு இரவுக்கான முழு வாடகை, முன்பணமாகவே எடுத்துக்கொண்டார்கள். டாலரில் எண்ணூறை ஒட்டி வரும். அந்தப் பணத்துக்கு நாங்கள் அங்கே ஒரு இரவுகூடத் தூங்கவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுது என்கிறாள் மனைவி. ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எந்த ஆப் என்று கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் நான் கொடுக்கவிருக்கும் புகாருக்கே வினையாகும் என்று விவரம் தெரிந்த நண்பர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டையோ அறையையோ பயணிகளுக்கு விடுவதற்கென்று இருக்கும் பன்னாட்டு ஆப்களில் ஒன்று, அவ்வளவு போதும். பணத்தை ஆப் வழியாகவே, கிரெடிட் கார்டில் கட்டினேன். "வெளியே பணம் அனுப்பியிருப்பான், அதுதான் ஏமாந்தான்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்கு டாலஸில் வேலை. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பதால், அவர்கள் திரும்புவதற்குள் மெக்சிகோவின் பழைய ஸ்பானியக் காலத்து ஊர்களைக் காட்டிவிடலாம் என்று கிளம்பினோம். கெரெத்தாரோ, சான் மிகேல் தே அயெந்தே, குவானஹுவாட்டோ. மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பேருந்திலேயே போய்விடலாம்.

கெரெத்தாரோவில் ஒரு குறையும் இல்லை. பழைய நகரம் பெரும்பாலும் சமதளம், கார் நுழையாத நடைத்தெருக்கள், அம்மா கைத்தடியோடு சுற்றிவந்தார். சான் மிகேலில் கூழாங்கல் பாவிய சரிவுத் தெருக்கள் கொஞ்சம் படுத்தின. வார இறுதி என்றால் அங்கே கல்யாண ஊர்வலம், வாத்தியம், ஆளுயரத்துக்கு மேலான பொம்மைகள் என்று தூக்கம் போய்விடும். ஆனாலும் தங்கிய இடம் சொன்னபடி இருந்தது.

குவானஹுவாட்டோ சங்கதி வேறு. வெள்ளிச் சுரங்கத்தால் பெருத்த ஊர், குறுகிய பள்ளத்தாக்குக்குள் இடம் கிடைத்த இடத்திலெல்லாம் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம் இன்று தரைக்கடியில் கார் ஓடும் சாலை. அதற்கு மேலே இரு பக்கச் சரிவிலும் சந்து, சந்துக்குள் படிக்கட்டு. மேட்டில் இருக்கும் பல வீடுகளின் வாசலுக்குக் கார் போகவே முடியாது. மேப்பில் 300 மீட்டர் என்று காட்டுவது, நேரில் ஏழெட்டு மாடி ஏறும் வேலையாக இருக்கலாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், அதனால் தேடித் தேடிப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன்: கார் எங்கே நிற்கும், எத்தனை படி, சமையலறை உண்டா? அப்பா சுத்த சைவம். அங்கே பீன்ஸைக்கூடப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள், அதனால் ஒரு குக்கர் சோறாவது வைக்க இடம் வேண்டும். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. தியாத்ரோ ஹுவாரெஸ் நாடக அரங்குக்குப் பக்கத்தில் வீடு, தரைத்தளம், டாக்சி நிற்கும் இடத்திலிருந்து ஆறே படி. வார்த்தையோடு நிற்கவில்லை. தெருவிலிருந்து வாசல்வரை நடந்துகொண்டே வீடியோ எடுத்து, ஒவ்வொரு படியாக உரக்க எண்ணிக்காட்டினார். கூடவே ஒரு குரல் செய்தி: என் அம்மாவுக்கும் இதே முழங்கால் வலிதான், இந்த ஊருக்கு வந்தால் இந்த வீட்டில்தான் தங்குவார், உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "நல்ல பிள்ளையா இருக்கும் போலப்பா" என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த அல்வாவில் ஒரு பொட்டலத்தை அந்த ஆளுக்கென்று தனியாக எடுத்து வைத்தார். இப்போதும் என் வயிறு எரிவது பணத்தைவிட அந்தப் பொட்டலத்துக்காகத்தான். சரி, பணத்துக்காகவும்தான். 14,400 பெசோ என்பது நம் ரூபாயில் அறுபதாயிரத்துக்கு மேல்.

நாங்கள் போனது அக்டோபர், செர்வந்தீனோ கலைவிழா நடக்கும் மாதம். 1972-இல் தொடங்கிய விழா, உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்கள் வருகிறார்கள், அந்த நாட்களில் ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த ஆட்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான்.

பேருந்து நிலையத்தில் இறங்கி டாக்சியில் ஏறியபிறகு செய்தி வருகிறது. வீட்டுப் பக்கம் கூட்டம், பீப்பிலா சிலைக்கு வாருங்கள், என் தம்பி நிற்பான். டாக்சி சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் போனில் நீலப்புள்ளி நின்றுவிட்டது. வெளியே வந்தபோது ஊர் எங்களுக்குக் கீழே இருந்தது. மலையைச் சுற்றிப் போகும் பனோராமிக்கா சாலையில் இருக்கிறது அந்தச் சிலை. 1810-இல் முதுகில் கல் பலகையைக் கட்டிக்கொண்டு போய், ஸ்பானியர்கள் பதுங்கியிருந்த தானியக் கிடங்கின் கதவுக்குத் தீ வைத்ததாகச் சொல்லப்படும் சுரங்கத் தொழிலாளி. அவர் முதுகில் ஒரு கல், எங்களிடம் மூன்று பெட்டி.

அந்தத் தம்பி சிரித்த முகத்தோடு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். காலையில்தான் அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாம். பக்கத்திலேயே இன்னொரு வீடு, அதே வாடகை, இதைவிட நல்ல காட்சி. ஆப்பில் ஒரு மாற்றக் கோரிக்கை வந்திருக்கும், அதை ஏற்றுக்கொண்டால்தான் கதவின் ரகசிய எண் வரும் என்றான். பிடிக்கவில்லை என்றால் என்று மனைவி கேட்டாள். உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கொடுத்தான். அதே கனிவான குரல். பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள், ஒரு பெசோ பாக்கியில்லாமல் திருப்பித் தருகிறேன், உங்கள் அம்மா வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. இருட்டுகிறது, அம்மா சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். பொத்தானை அழுத்தினோம்.

பிறகு அந்தச் சாலையிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டைக் காட்டினான். விளக்கு இல்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். அப்பா எண்ணிக்கொண்டே வந்தார், நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். முடிவில் ஒரே ஒரு அறை. ஜன்னல் நடைபாதையைப் பார்த்துத் திறக்கிறது, சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சை மணக்கிறது. சமையலறை என்றது ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்த ஒரு மைக்ரோவேவ். வெந்நீருக்கான கேஸ் சிலிண்டர் காலி. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், அக்டோபர் இரவில் நன்றாகவே குளிரும். திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம்.

அந்தப் படியிலேயே நின்று ஆப்பின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன், படம் எடுத்து அனுப்பினேன். பாட்டைப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள், பிறகு தொடர்பு அறுந்தது. ஊருக்குள் அறை எங்கும் இல்லை. மறுபடி அத்தனை படியும் ஏறி, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் லியோனில், நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் நள்ளிரவில் போய் விழுந்தோம். அதற்குத் தனிச் செலவு.

மறுநாள் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார், திங்கட்கிழமை பணம் வந்துவிடும் என்றார். திங்கட்கிழமை, கணக்கர் ஊரில் இல்லை. அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான், என் எண்ணையே முடக்கிவிட்டார்.

ஆப்காரர்கள் இன்னும் மோசம். முதலில் ஒரு எந்திரம் பதில் சொன்னது. பிறகு ஆள் வந்தார், ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உங்கள் வருத்தம் புரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு வந்த பதில்: மாற்றத்தை நீங்களே விருப்பப்பட்டு ஏற்றிருக்கிறீர்கள், ஆகவே 14,400 பெசோ திரும்பாது. 24 மணி நேர வாக்குறுதி? அது போனில் சொன்னது, எழுத்தில் இல்லை. பூஞ்சைப் படம்? ஈரம் தெரிகிறது, ஆனால் அறை தங்கத் தகுதியற்றது என்று சொல்ல முடியாது. ஆறு படி வீடியோ? அது வேறு வீட்டைப் பற்றியது. அட, அதைத்தானே ஐயா நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! எங்கள் உதவி எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுவிட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். கார்டு கொடுத்த வங்கியிலும் முறையிட்டேன். நான் ஏற்றுக்கொண்ட அந்தத் திரையையே ஆப்காரர்கள் அங்கேயும் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள்.

அதன்பிறகுதான், எங்களைத் தள்ளிவிட்ட அந்த இரண்டாவது அறையின் பக்கத்தை ஆப்பில் தேடிப் பிடித்தேன். ஸ்பானிய மொழிக் கருத்துகளை மொழிபெயர்த்து, குறைந்த நட்சத்திரத்திலிருந்து படித்தேன். "நாங்கள் வேறு வீடு போட்டிருந்தோம், குழாய் உடைந்தது என்று இங்கே மாற்றினார்கள்." மார்ச் மாதத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜூலையில் இன்னொருவர். அந்தக் குழாய் மார்ச்சிலிருந்து உடைந்துகொண்டே இருக்கிறது! இதையும் எடுத்து அனுப்பினேன். மூடிய புகாரைத் திறக்க இயலாதாம்.

இந்த ஊர்களில் எந்தப் பேட்டையில் தங்கலாம், எங்கே கூடாது என்று விரிவாக எழுதுகிறேன் எனச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் வரவில்லை. சட்டென்று தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போய் இறங்கிய இடத்தில் எவன் எதைச் சொன்னாலும் ஆப்பில் எந்த மாற்றத்தையும் ஏற்காதீர்கள். குழாய் உடைந்ததா, உன் பக்கமிருந்து நீயே ரத்து செய் என்று சொல்லுங்கள். போனில் சொல்வதையெல்லாம் ஆப்பின் சாட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் மற்ற வீடுகளின் கருத்துகளையும் படியுங்கள்.

குவானஹுவாட்டோவுக்குப் பெரியவர்களோடு போனால் ஹார்தீன் தே லா யூனியோன் பூங்காவை ஒட்டி, பள்ளத்திலேயே இருக்கும் ஓட்டலாகப் பாருங்கள். இரவில் பழைய உடுப்புப் போட்ட மாணவர் பாட்டுக் குழுக்கள் கூட்டத்தை இழுத்துக்கொண்டு பாடிக்கொண்டே போவார்கள், சத்தம்தான். இருக்கட்டும். விழா நாட்களில் போவதாக இருந்தால், ரத்து செய்யக்கூடிய ஒரு அறையை லியோனிலோ சிலாவோவிலோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுகிறார்கள், 16 சதவீத வரியும் மாநிலத் தங்கும் வரியும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெக்சிகோவின் நுகர்வோர் அமைப்பான புரோஃபெகோவுக்குப் புகார் தயார் செய்துகொண்டிருக்கிறேன், ஸ்பானிஷ் தெரிந்த அலுவலக நண்பர் ஒருவர் எழுதித் தருகிறார். 14,400 வந்தால் சொல்கிறேன்.

அந்த முதல் வீடு இன்னும் ஆப்பில் இருக்கிறது. மஞ்சள் சுவர், நீலக் கதவு, கதவுக்கு இடப்பக்கம் தொட்டியில் காகிதப்பூ. நேற்றுப் பார்த்தபோது நவம்பருக்கு விலை குறைத்திருந்தார்கள்.