பழைய பவர் சப்ளையில் அரிப்பு: மூக்கா, மீட்டரா?

நுவரெலியா மூடுபனியில் பல வருடம் அலுமாரிக்குள் கிடந்த 1980களின் கம்ப்யூட்டர் என்றால், உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். பவர் சப்ளையைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வழி. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் அடியில் பச்சை பூத்திருக்கிறதா, ஈயப்பற்று மங்கிவிட்டதா, கருவாட்டு வாடை அடிக்கிறதா? அப்படியானால் உள்ளிருந்த திரவம் கசிந்திருக்கிறது. பாகங்களை ஒட்டியிருக்கும், பழுப்பேறிய பழைய பசையும் செம்பைத் தின்னும், அதையும் சுரண்டிப் பாருங்கள். செலவே இல்லாத வழி. ஆனால் வெளியே காட்டாத கோளாறு இதில் தப்பிவிடும்.

அங்கேதான் ஈ.எஸ்.ஆர். மீட்டர். உப்பாமல் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும் கெப்பாசிட்டரின் உள்தடை ஏறியிருப்பதை அது சொல்லிவிடும். அறுந்த செம்புத் தடத்துக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். எதைச் சுரண்டினாலும் அளந்தாலும் பிளக்கைக் கழற்றி, பெரிய கெப்பாசிட்டரை வடியவிட்ட பிறகுதான். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும்.

எனக்கு முதலில் மூக்குத்தான், தடிமன் பிடிக்காத நாளாக இருந்தால்.