ஈராசிரியர் பள்ளியில் என் பிள்ளைகள்: சில ஆண்டு அனுபவம்

என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து முடித்து, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். மகன் இன்னும் அதே தொடக்கப் பள்ளியில்தான் படிக்கிறான். அங்கே பிள்ளையைச் சேர்க்கலாமா என்று உறவினர்கள் பலரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம் என்பேன். ஆனால் அந்தப் பள்ளி எதில் வலுவானது, எங்கே தடுமாறும் என்பதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே. எங்கள் பள்ளியில் நாற்பது பேர்கூட இல்லை. முதல் மூன்று வகுப்புகளுக்கு ஒருவர், நான்குக்கும் ஐந்துக்கும் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவர்கள் சின்ன டீச்சர், பெரிய டீச்சர்.

மகள் சேர்ந்தது 2020இல், பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரம். ஒன்றாம் வகுப்பு முழுவதும் கல்வித் தொலைக்காட்சியோடு போயிற்று. 2021 நவம்பரில் வகுப்பறைக்குள் கால்வைத்தபோது அவளுக்கு உயிரெழுத்துகளே தடுமாற்றம். மறு ஆண்டு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பு எதுவானாலும், பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அரும்பில் உட்கார வைத்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் பேருந்தின் ஊர்ப் பலகையையும் ரேஷன் கடை அறிவிப்பையும் நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

திட்டத்தைவிட அதை நடத்தியவருக்கே அந்தப் பெருமையில் பெரும்பங்கு. ஒரு நாள் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னதற்கு ஒரு பையன் 35 என்று எழுதியிருந்தான். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போயிருக்கலாம். சின்ன டீச்சர் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவன் கையில் கொடுத்து, "எனக்கு ஏழு குச்சி எடுத்துக் கொடு" என்றார். பையன் இரண்டைக் கொடுத்தான். விழித்தான். பிறகு ஒரு கட்டின் வளையத்தைத் தானே கழற்றி இன்னும் ஐந்தை எடுத்தான். "இப்போது எத்தனை கட்டு மிச்சம்?" என்று கேட்டார். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்கு அந்த இடத்திலேயே பிடிபட்டுவிட்டது. எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் சிக்கி நிற்கிறது என்பது அந்த டீச்சருக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும். பிள்ளைகள் குறைவாக இருப்பதன் பெரும்பேறு இதுதான். பேருந்தும் கழுத்துப் பட்டையும் உள்ள பெரிய பள்ளிக்குப் பணம் கட்டினாலும் இது கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. நடவு வேலைக்கு விடியற்காலையில் போகும் வீட்டுப் பிள்ளைகள் முன்பெல்லாம் வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்கே சோர்ந்து சாய்வார்கள். இப்போது உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள். முதல் பாடவேளை உருப்படியாக நடக்கிறது. கழிப்பறை, குடிநீர் இரண்டும் பரவாயில்லை.

குறை என்று சொன்னால் முதலில் ஆங்கிலம். பாட்டு ஒப்பிப்பார்கள், சொற்களைப் பார்த்து எழுதுவார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது என்றால் பேனா நகராது. ஆறாம் வகுப்பில் மகள் திணறியது இந்த ஒரு பாடத்தில்தான். தமிழிலும் கணக்கிலும் வகுப்பில் யாருக்கும் அவள் சளைத்தவள் இல்லை. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தமிழும் கணக்கும் சொல்லித்தந்தபின் ஆங்கிலத்துக்கு மிஞ்சும் நேரம் சொற்பம். வீட்டில் நாங்கள்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அது முடியாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டால் பள்ளியே பாதியாகிவிடும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்குள் வந்துவிடுகிறது. தலைமை ஆசிரியைக்கு வருகைப் பதிவு, எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், சத்துணவுக் கணக்கு, கூட்டங்கள் என்று பாடவேளையைத் தின்னும் வேலைகள் வேறு. மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன ஆண்டு, குச்சிக் கட்டோடு கணக்குச் சொன்ன அந்த டீச்சர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவர் போனதில் தவறே இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. கொஞ்சம் வசதியுள்ள சில பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியின் இருப்புக்கே கேடு என்பதால், இருந்தவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தற்காலிக ஆசிரியர் ஒருவரை அமர்த்தினோம். ஆர்வமுள்ள இளைஞர். ஆனால் குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்றே தெரியாமல் எத்தனை நாள் இருப்பார்?

ஆகவே சிறு பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் கட்டடத்தையும் திறன் வகுப்பறைத் திரையையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு பணியிடமும் நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பாடப் புத்தகத்தில் இல்லாத நான்கு வரியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருகிறார்களா என்று விசாரியுங்கள்.

இப்போது இரண்டு பணியிடத்திலும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருவரில் ஒருவர் மாறுதலில் போனால், அந்த இடத்துக்கு ஆள் வந்து சேரும்வரை அவரை விடுவிக்கக் கூடாது என்று குழுவில் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுவாகக் கொடுத்திருக்கிறோம்.