என்சிசியா, சிடிஎஸ்ஸா? சேலத்துல டிகிரி படிச்சுக்கிட்டே ஆர்மி ஆபீசர் ஆகணும்னா

சித்தி பையன் இந்த வருஷம் சேலத்துல பிஎஸ்சி சேர்ந்திருக்கான். சேர்ந்த வாரமே போன் பண்ணி, "அண்ணா, ஆர்மி ஆபீசர் ஆகணும், என்சிசில சேரட்டுமா இல்ல சிடிஎஸ் கோச்சிங் போகட்டுமா, ரெண்டுக்கும் நேரம் பத்தாது போல"ன்னு கேட்டான். என்சிசின்னா காலேஜ்லயே பரேட், கேம்ப்னு ராணுவ மாதிரி பயிற்சி தர்ற அமைப்பு, சிடிஎஸ்ன்னா ஆபீசர் ஆகுறதுக்கான எழுத்துத் தேர்வு. அவன்கிட்ட போன்ல சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாகிடணும். நம்ம ஊர் வீடுகள்ல ஆர்மின்னாலே கிரவுண்ட்ல ஓடி செலக்ட் ஆகுற அக்னிவீர் தான்னு நினைக்கிறாங்க. அது வேற. நான் சொல்றது டிகிரி முடிச்சு லெப்டினன்ட்டா உள்ள போற வழி.

சிடிஎஸ் யூபிஎஸ்சி நடத்துற எழுத்துத் தேர்வு, வருஷத்துக்கு ரெண்டு தடவை, வழக்கமா ஏப்ரல்லயும் செப்டம்பர்லயும் வரும், ஃபைனல் இயர்ல இருக்கும்போதே அப்ளை பண்ணலாம். ஆபீசர் பயிற்சி தர்ற டேராடூன் ஐஎம்ஏ அகாடமி வேணும்னா இங்கிலீஷ், ஜிகே, மேத்ஸ் மூணு பேப்பர். சென்னை பரங்கிமலைல இருக்குற இன்னொரு அகாடமி ஓடிஏ போதும்னா மேத்ஸே கிடையாது, இங்கிலீஷும் ஜிகேவும் மட்டும் தான், ஆர்ட்ஸ் படிக்கிற பசங்க பலருக்கு இது தெரியாமலே போயிடுது. தப்பான பதிலுக்கு மூணுல ஒரு பங்கு மார்க் கழிப்பாங்க. ஐஎம்ஏ போனா பர்மனென்ட் கமிஷன், அதாவது ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆபீசர் வேலை, ஓடிஏன்னா ஷார்ட் சர்வீஸ், 10 வருஷம், அதுக்கு மேல 4 வருஷம் நீட்டிக்கலாம்.

என்சிசி வழில எழுத்துத் தேர்வே இல்ல. காலேஜ் பசங்களுக்கான சீனியர் டிவிஷன்ல இருந்து, மூணாவது வருஷம் பரீட்சை எழுதி வாங்குற சி சர்டிபிகேட்ல குறைஞ்சது பி கிரேடு, டிகிரில 50 சதவீதம், வயசு 19ல இருந்து 25க்குள்ள, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, இது இருந்தா ஸ்பெஷல் என்ட்ரில அப்ளை பண்ணலாம், டிகிரி மார்க்கை வச்சு ஷார்ட்லிஸ்ட் பண்ணி நேரா எஸ்எஸ்பி இன்டர்வியூக்குக் கூப்பிடுவாங்க, ஆபீசர் ஆகத் தகுதி இருக்கான்னு 5 நாள் தங்க வச்சுப் பாக்குற தேர்வு அது. கேக்க சுலபமா இருக்கும், ஆனா சீட்டைப் பாருங்க, ஒரு கோர்ஸுக்கு பசங்களுக்கு 50, 70ன்னு தான் வரும், பொண்ணுங்களுக்கு ஒத்தை இலக்கம். சிடிஎஸ்ல ஓடிஏக்கு மட்டும் பசங்களுக்கு 270க்கு மேல வருது. அதனால என்சிசி இருந்தா சிடிஎஸ் வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுவும் போக ஐஎம்ஏ சீட்லயே சி சர்டிபிகேட் வச்சிருக்கவங்களுக்குன்னு கொஞ்சம் தனியா ஒதுக்கிருக்காங்க, அதுக்கும் சிடிஎஸ் எழுதித்தான் ஆகணும்.

சரி, அப்ப எதுக்கு என்சிசி? எஸ்எஸ்பிக்காக.

எந்த வழில போனாலும் அந்த 5 நாளைத் தாண்டாம போக முடியாது. முதல் நாள் மங்கலா ஒரு படம் காட்டுவாங்க, 30 செகண்ட் பாத்துட்டு கதை எழுதணும், அப்புறம் குரூப்பா உக்காந்து அதைப் பேசணும், ஸ்கிரீனிங்னு சொல்ற இதுலயே பாதிக்கு மேல திரும்பி வந்துடுவாங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தன் சிடிஎஸ் ரெண்டு தடவை பாஸ் பண்ணான், ரெண்டு தடவையும் ஸ்கிரீனிங்லயே வெளிய வந்தான். நல்லா படிக்கிறவன். காசு கட்டி ஒரு கோச்சிங் சென்டர் போனான், அங்க கணக்கும் கிராமரும் நடத்துனாங்களே தவிர ஒரு நாள் கூட எழுப்பி நிக்க வச்சு பேச வைக்கல. எனக்கு இன்னைக்கும் அது ஆத்தாமையா இருக்கு.

நான் மூணு வருஷம் கேடட். பேசவே கூச்சப்படுற ஆளு, பரேட்ல 30 பேருக்கு வேர்ட் ஆஃப் கமாண்ட் கொடுக்கச் சொன்னப்ப தொண்டையே வரல, ரெண்டாவது வருஷம் கேம்ப் முடிஞ்சு வரும்போது கிரவுண்டோட அந்தக் கோடி வரைக்கும் என் குரல் கேட்டுச்சு. பெங்களூர் எஸ்எஸ்பில ஸ்கிரீனிங் தாண்டினேன், கயிறு பலகை வச்சு குரூப்பா தாண்டுற டாஸ்க் எல்லாம் சந்தோஷமா பண்ணேன், கடைசி நாள் கான்ஃபரன்ஸ் முடிஞ்சு செலக்ட் ஆனவங்க நம்பரைப் படிச்சப்ப என் நம்பர் வரல. இன்டர்வியூ எடுத்த ஆபீசர் அப்பாவோட கொலுசு பட்டறை பத்தியே ரொம்ப நேரம் கேட்டாரு, எத்தனை பேர் வேலை பாக்குறாங்க, கூலி எப்படி, கொலுசை ஒட்டப் பத்த வைக்கிறது யாருன்னு. சாயங்காலம் செவ்வாப்பேட்டைல பட்டறைல உக்காந்தவனுக்கு அதுக்கு பதில் சொல்ல கோச்சிங் தேவைப்படல. நீங்க வாழ்ற வாழ்க்கையத்தான் அங்க கேக்குறாங்க, அதை மறைக்காதீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், சிடிஎஸ்ஸை ஃபைனல் இயர்லயோ டிகிரி முடிச்சோ எழுதலாம், வயசு இருக்க வரைக்கும் எழுதலாம். என்சிசி அப்படி இல்ல, சி சர்டிபிகேட்டுக்கு மூணு வருஷம் வேணும், முதல் வருஷத்தை விட்டா மூணு வருஷ டிகிரில அது கிடைக்காது. இன்ஜினியரிங் பசங்களுக்கு நாலு வருஷம்ங்கிறதால கொஞ்சம் வசதி, அவங்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத எஸ்எஸ்சி டெக்ங்கிற ஷார்ட் சர்வீஸ் என்ட்ரியும் தனியா இருக்கு.

ஏற்காட்டுல இருந்து கீழ வந்து படிக்கிற பசங்களுக்கு மட்டும் யோசிச்சு சொல்வேன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி காலைல பரேட் நேரத்துக்கு வர்றது தினம் ஒரு போராட்டம், ஹாஸ்டல் கிடைக்கலைன்னா சர்டிபிகேட்டுக்கு வேணுங்கிற பரேட் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வராம போகலாம். சேர்றதுக்கு முன்னாடியே என்சிசி பாக்குற சார்கிட்ட பேசிடுங்க. முடியலைன்னா சிடிஎஸ் தான், ஆனா பேச்சுப் போட்டி, என்எஸ்எஸ், டீம் கேம்னு ஏதாவது ஒண்ணுல கண்டிப்பா இருங்க.

தம்பிக்கு நான் சொன்னது இதான்: இந்த வருஷம் என்சிசி, கூடவே தினமும் இங்கிலீஷ் பேப்பர் அரை மணி நேரம், ரெண்டாவது வருஷ லீவுல பழைய சிடிஎஸ் கொஸ்டின் பேப்பர். கோச்சிங் காசை இப்போதைக்கு சித்திகிட்ட கேக்காதே. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏற்காடு அடிவாரத்துக்கு வரச் சொல்லிருக்கேன், 2.4 கிலோமீட்டர் ஓட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும்.