ஞாபக மறதிக்கு மீன் எண்ணெய் மாத்திரை: வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண மண்டபங்களில் "இலவச மூளை நலப் பரிசோதனை முகாம்" என்று நடத்துகிறார்கள். நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வந்தால் பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். எங்கள் அப்பாவை அங்கேதான் ஏமாற்றினார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் உண்டு. பழைய மாணவர்களின் பெயர் மறக்கிறது, கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை என்று அவரே கவலைப்பட ஆரம்பித்திருந்த நேரம் அது.

முகாமில் டாக்டர் யாரும் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் அப்பா கையில் ஓர் உலோகக் குழாயைப் பிடிக்கச் சொன்னான். அது கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும். ஒரு நிமிஷத்தில் மூளை, நரம்பு, கல்லீரல் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுப் பக்கம் பக்கமாக அறிக்கை வந்தது. இந்தக் கருவி ஊர் ஊராகச் சுற்றுகிறது. கையில் குழாயைப் பிடித்தால் மூளையின் நிலை தெரியும் என்பதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் கிடையாது.

"ஐயா, உங்க மூளையில இருக்கிற நல்ல கொழுப்பு வத்திப் போச்சு. இத ஆறு மாசம் எடுத்தா பழைய ஞாபகம் அப்படியே திரும்பிரும்" என்று சொல்லி ஆறு மாதத்துக்கான மீன் எண்ணெய் மாத்திரைகளை விற்றுவிட்டார்கள். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. மருந்துக்கடையில் இதே அளவு மாத்திரை கால்வாசி விலைக்குக் கிடைக்கும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோபம் வருவது அதில்தான்.

சில வாரங்களில் கால் மதமதப்பு ஆரம்பித்தது. அப்பா அந்தப் பையனுக்கு போன் செய்து கேட்டிருக்கிறார். "நரம்பு வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு ஐயா, நல்ல அறிகுறி, நிறுத்திராதீங்க" என்று பதில். கைகளில் ரத்தக்கட்டு மாதிரி நீலத் தழும்புகள் வந்ததைப் பார்த்த அம்மாதான் பிடிவாதமாக டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் முதலில் எழுதிய சோதனைகள் தைராய்டும் வைட்டமின் பி12-உம். பி12 மிகக் குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு இது வரக்கூடியதுதான் என்றார். மறதியும் கால் மதமதப்பும் அதனால் வரலாம். கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். ஊசி போட ஆரம்பித்து இப்போது மதமதப்பு குறைந்திருக்கிறது, பெயர்களும் ஓரளவு நினைவுக்கு வருகின்றன. தழும்புக்கு மீன் எண்ணெய்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மருந்து சாப்பிடுகிறவர், மருத்துவரிடம் கேட்காமல் இதையும் சேர்ப்பது தவறு என்று அன்றே நிறுத்தச் சொன்னார்.

அப்புறம் உட்கார்ந்து நிறையப் படித்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதை வைத்துத்தான் மீதியை விற்கிறார்கள். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு வகையைச் சேர்ந்த டிஹெச்ஏ மூளைக்குத் தேவையானது, சரி. மீன் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருவதாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிரான்ஸில் நடந்த மாப்ட் (MAPT) என்ற ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலுமான 1,680 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்பாவைப் போலவே ஞாபகம் குறைகிறது என்று சொன்னவர்கள். 3 வருடம் தினமும் ஒமேகா-3 கொடுத்தும் ஞாபகச் சரிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2017-இல் முடிவு வெளியானது. அமெரிக்காவில் அல்சைமர் என்ற மறதி நோய் வந்துவிட்ட 402 பேரை வைத்து, தினம் 2 கிராம் டிஹெச்ஏ கொடுத்து 18 மாதம் பார்த்த ஆய்வும் 2010-இல் அதையேதான் சொன்னது: நோய் வேகம் குறையவில்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாக இருக்கும். அது மொத்த எண்ணெயின் அளவு. எங்களுக்கு வந்ததில் பின்பக்கம் ஈபிஏ (இன்னொரு ஒமேகா-3) 180, டிஹெச்ஏ 120 என்று பொடி எழுத்தில் இருந்தது. அதாவது ஒமேகா-3 வெறும் 300 மி.கி. ஒரு வேளை சாளை (மத்தி) மீன் குழம்பில் அதைவிட அதிகம் கிடைக்கும், அப்பாவுக்குப் பிடித்ததும் அதுதான். அதற்காக நாலு மாத்திரை போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். நாளுக்கு 1 கிராமுக்கு மேல் ஒமேகா-3 மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக இருந்தால் டாக்டர்கள் சுத்திகரித்த ஒமேகா-3 மருந்தை எழுதுவதுண்டு. அது வேறு விஷயம், அவர்கள் கண்காணிப்பில் நடப்பது.

அதே டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். சத்து மாத்திரைகளில் அப்படிப் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நோயைக் குணமாக்கும் என்று சொல்லி இவற்றை விற்கக் கூடாது. மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதனால்தான் குணமாகும் என்று எழுத்தில் தராமல் வாயாலேயே சொல்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பிரித்த டப்பாவுக்குப் பணம் இல்லை என்றார்கள், பிறகு போனையே எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு, பிரிக்காத டப்பாக்களுக்கு மட்டும் பணம் வந்தது. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. எங்களுக்குத் தந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு என்பதால் கொஞ்சம் இழுக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்த நோட்டீஸ், முகாமில் கொடுத்த அறிக்கை, டப்பாவின் இரண்டு பக்கமும், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போய் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.